மேல்மலைப் பைன் காடு: விட்டுவைப்பதா, வெட்டுவதா, ஊடே சோலை வளர்ப்பதா?

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் தூண் பாறைக்கும் குணா குகைக்கும் போகிற வழியில் பைன் காட்டில் இறங்காமல் திரும்புவதில்லை. வரிசை பிடித்து நேரே எழுந்த மரங்கள், ஊடே சாய்வாக விழும் வெயில், காலடியில் மெத்தை போல ஊசிச்சருகு. சினிமாவில் பார்த்த இடம் என்று குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பைன் காய்க்குச் சாயம் பூசி விற்பார்கள். குழந்தைகள் அதை வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும். சின்ன வயதில் நானும் அப்படி அடம்பிடித்தவன்தான். மலைக்காடு என்றால் இதுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்த வரிசை உறுத்த ஆரம்பித்தது. தானாக முளைத்த காடு வரிசையில் நிற்காது. இது ஆள் வைத்துக் குழி எடுத்து நட்ட தோப்பு. நடுவதற்கு முன்னால் அந்தச் சரிவில் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று பழனி மலையின் மேற்பகுதியான மேல்மலை ஊர்களுக்குப் போகிற வழி நெடுகப் பைன் தோப்புகள் நிற்கின்றன. இவற்றை என்ன செய்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் மூன்று பதில்கள் காதில் விழும். இருப்பது இருக்கட்டும் என்பது ஒன்று. அந்நிய மரம், அடியோடு வெட்டிப் புல்வெளியாக்கு என்பது இன்னொன்று. வெட்டாதே, ஊடே சோலை மரத்தை, அதாவது இந்த மலைப் பள்ளங்களுக்குச் சொந்தமான காட்டு மரத்தை, வளர்த்துப் பைனைத் தானாக ஓய்ந்துபோக விடு என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பின்னால் நியாயம் இருக்கிறது. மூன்றையும் எல்லா இடத்துக்கும் ஒரே மருந்தாகக் கொடுத்தால் மூன்றுமே கெடுதல் செய்யும்.

பைனுக்கு எது சொந்த ஊர்

பைன் பேரினத்தில் 110-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையும் பூமியின் வடபாதிக்குச் சொந்தம். வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலத்திலிருந்து மெக்சிகோ மலைகள் வரைக்கும் பரவிக் கிடந்தும், தானாகவே நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கியது சுமத்ராவில் வளரும் மெர்குசி பைன் ஒன்றுதான். அதுவும் கொஞ்ச தூரம்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, சிலி என்று தென்பாதியில் எங்கே பைன் தோப்பைப் பார்த்தாலும் அது மனிதர் கொண்டுபோய் நட்டது, இல்லாவிட்டால் நட்டதிலிருந்து பரவியது.

இந்தியாவுக்குள்ளும் இதே கதைதான். இமயமலையில் சுமார் 500 மீட்டர் முதல் 2,000 மீட்டர் உயரம் வரை சீர் பைன், அதற்கு மேலே நீலப் பைன், வறண்ட கின்னோர் பக்கம் பருப்புக்குப் பேர்போன சில்கோசா, வடகிழக்கே காசி மலைகளிலும் நாகாலாந்து மணிப்பூர் மலைகளிலும் காசிப் பைன். விந்தியத்துக்குத் தெற்கே சொந்தப் பைன் ஒன்றும் கிடையாது. தென்னகத்து மழைக்காடுகளில் கூம்புத் தாவர வகையைச் சேர்ந்த மரம் ஒன்றே ஒன்று தானாக வளர்கிறது, நாகேயா வாலிச்சியானா என்று. அதற்கு ஊசி இலைகூட இல்லை, அகன்ற இலை. கடல் தாண்டிய இலங்கைக்கும் சொந்தப் பைன் கிடையாது.

அப்படியென்றால் மேல்மலையில் நிற்பது யார்? பெரும்பாலும் பாட்டுலா பைன். மெக்சிகோவின் கிழக்கு சியரா மாட்ரே மலைத்தொடர்தான் அதன் பிறந்த வீடு. கீழே விழுந்த ஒரு கொத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று ஊசி சேர்ந்திருக்கும். மரத்தில் அவை ஈரத் தலைமுடி போலத் தொங்கும். மேல்தண்டின் பட்டை செம்மண் நிறத்தில் தாள் தாளாக உரியும். காய்கள் கொத்தாகக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் மூடியபடி இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவது பற்றிப் பேசும்போது இது திரும்பி வரும்.

பைன் தனியாகவும் ஊர் விட்டு ஊர் போவதில்லை. அதன் வேரோடு கூட்டு வாழும் பூஞ்சை இல்லாவிட்டால் நாற்று மஞ்சளடித்துச் செத்துவிடும். வெப்ப நாடுகள் பலவற்றில் முதலில் நட்ட பைன் தேறாமல் போய், பழைய பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் வளர்ந்தது. மழைக்காலத்தில் பைன் தோப்பில் சருகை ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். மேலே விரல் கனத்துக்கு உலர்ந்த ஊசி, அதன் கீழே கறுத்து மக்கிய ஊசி, அதற்கும் கீழே வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை இழை பின்னிக் கிடக்கும். மரத்தோடு ஒரு மண்ணையே குடியேற்றியிருக்கிறோம்.

வெளியூரில் பைனுக்குக் கிடைக்கும் வாழ்வைச் சொல்ல ரேடியாட்டா பைனைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. சொந்த ஊரில் அது கலிபோர்னியக் கரையில் மூன்று இடங்களிலும் மெக்சிகோவுக்குச் சொந்தமான குவாடலூப்பே, செட்ரோஸ் என்ற இரண்டு தீவுகளிலும் மட்டும்தான் இருக்கிறது. குவாடலூப்பேயில் ஆடுகள் நாற்றையெல்லாம் மேய்ந்து தீர்த்ததால், ஆடுகளை அகற்றும்வரை புதிதாக ஒரு மரம் எழவில்லை. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கும் அதே மரம், நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா, ஸ்பெயின் என்று 40 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் தோட்டப்பயிராக நிற்கிறது. ஆகவே பைன் நல்ல மரமா கெட்ட மரமா என்று கேட்பதில் எனக்கு நாட்டமில்லை. எங்கே நிற்கிறது, எதன் இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எதன் இடத்தில் நிற்கிறது

மேல்மலையின் பழைய முகம் புல்வெளியும் சோலையும் கலந்தது. மேடும் சரிவும் புல், பள்ளமும் ஓடைக்கரையும் சோலை. மரம் இல்லாத மலையைப் பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளும் பின்னால் வந்த நம் அதிகாரிகளும் அதை வெற்று நிலம் என்றே எண்ணினார்கள். யாரோ காட்டை அழித்ததால்தான் புல் வந்தது என்ற எண்ணம் இன்றைக்கும் பல பேரிடம் இருக்கிறது. அது சரியில்லை. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த பழைய கரிமண்ணை ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 20,000 வருடங்களுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததை அந்த மண் காட்டியது. மனிதன் கோடரியோடு வருவதற்கு முன்னாலேயே புல் அங்கே குடியிருந்தது.

அந்தப் புல்வெளிமேல்தான் சீகை என்று நீலகிரியில் சொல்லும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மூன்றும் வந்து உட்கார்ந்தன. தோல் பதனிடும் பட்டை, காகிதக்கூழ், விறகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. செயற்கைக்கோள் படங்களை வைத்து 1973-ஐயும் 2014-ஐயும் ஒப்பிட்ட ஆய்வு, பழனி மலையின் உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது வருடத்தில் போய்விட்டது என்கிறது. தோப்பும் விவசாயமும் சேர்ந்து விழுங்கியது அது. வரையாடும், 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும், நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவையும் நம்பியிருப்பது மிச்சமுள்ள அந்த ஒரு பங்கைத்தான். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காட்டுமாடு நடந்து வருவதைப் பார்த்து அதிசயப்படுகிறோம். அது மேய்ந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று யோசித்தால் அதிசயம் போய் வருத்தம்தான் வரும்.

முதல் வழி: இருப்பது இருக்கட்டும்

இதற்கு ஆதரவான பேச்சைக் குறைத்து எடைபோடக் கூடாது. மரம் வெட்டுவது என்றாலே நம் மக்களுக்கு மனசு ஒப்பாது. அது நல்ல குணம். பைன் காட்டை நம்பிக் குதிரைக்காரர், சோளம் சுடுகிறவர், படம் எடுக்கிறவர், டாக்சிக்காரர் என்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, வெட்டுவதற்கான அனுமதியும் பழைய தோட்டக் கணக்கு மாதிரி எளிதாக இல்லை. கையை வைக்காமல் இருப்பது செலவில்லாத வழி என்று தோன்றும்.

செலவில்லாதது என்ற இந்தக் கணக்கில்தான் பிழை. மூன்று செலவுகள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதலாவது தண்ணீர். மலைப்புல் குட்டையான வேரோடு, பனிக்காலத்தில் காய்ந்து உறங்கிவிடும். பைன் வருடம் முழுக்கப் பச்சை, வருடம் முழுக்க உறிஞ்சும். பெய்கிற மழையில் ஒரு பகுதியை ஊசிகளிலேயே தாங்கி ஆவியாக விட்டுவிடும். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் அருகே யோங்கர்ஸ்ஹூக் பள்ளத்தாக்கில் 1930-களிலிருந்து ஓடைகளை அளந்துவருகிறார்கள். பைன் வளர வளர ஓடை மெலிந்ததை அந்தக் கணக்குகள் வருடவாரியாகக் காட்டின. நம் நீலகிரியில் கிளன்மார்கன் பக்கம் புல்வெளி ஓடை ஒன்றையும் யூகலிப்டஸ் நட்ட ஓடை ஒன்றையும் அருகருகே வைத்து அளந்தபோது, முதல் சுற்று மரம் வளர்ந்த பத்து வருடத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. அது பைன் இல்லை, யூகலிப்டஸ்தான். ஆனாலும் புல் இருந்த இடத்தில் வேகமாக வளரும் மரம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையிலேயே எடுத்த கணக்கு அது. பேரிஜம் ஏரித் தண்ணீரைக் குடிக்கிற பெரியகுளத்துக்காரர்களும், பாலாறு பொருந்தலாறு அணையைப் பார்த்துப் பயிர் வைக்கிற பழனிக்காரர்களும் இந்தச் செலவைக் கட்டுகிறார்கள். ரசீது மட்டும் கையில் கிடைப்பதில்லை.

இரண்டாவது தீ. மார்ச் மாதம் சருகு மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்போது பைன் தோப்பில் நடந்து பாருங்கள், காலடியில் சத்தம் கேட்கும். உத்தராகண்டில் சீர் பைன் சருகை பிருல் என்கிறார்கள். கோடை வந்தால் அங்கே மலை மலையாக எரிவதற்கு அந்தப் பிருல் முக்கியக் காரணம். அது சீர் பைனின் சொந்த மண். சொந்த மண்ணிலேயே அந்தப் பாடு என்றால், தீக்குப் பழகாத சோலையின் விளிம்பில் பைன் சருகைக் குவித்து வைத்திருக்கிறோம்.

மூன்றாவது விதை. எனக்கு மிகக் கவலை தருவது இதுதான். பாட்டுலா பைன் பத்து வயதுக்குள்ளேயே காய் பிடித்துவிடும். விதைக்கு மெல்லிய இறக்கை உண்டு. காற்றடிக்கும் மேட்டில் நின்றால் தூரம் போகும். மலாவியின் முலாஞ்சே மலையிலும் சிம்பாப்வேயின் கிழக்கு மலைகளிலும் இதே பாட்டுலா தோப்பைத் தாண்டிப் புல்வெளிக்குள் பரவி நிற்கிறது. நியூசிலாந்தில் தோட்டம் தாண்டிப் பரவிய பைனை ஒழிக்க 2016-இலிருந்து தேசிய அளவில் திட்டம் போட்டு ஹெலிகாப்டரில் பறந்து தேடுகிறார்கள். மேல்மலையில் பைன் வாட்டில் அளவுக்கு வேகமாகப் பரவுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் தோப்பின் ஓரத்திலிருந்து புல்லுக்குள் இறங்கி நடந்தால் முழங்கால் உயரக் கன்றுகள் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. புல்லின் பழுப்பு நிறத்தில் அந்த இளம்பச்சை தனியாகத் தெரியும். இருப்பது இருக்கட்டும் என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது இருந்த இடத்தில் இருக்கவில்லை.

கஜா புயல் 2018 நவம்பரில் மலையேறிப் போனபோது கொடைக்கானலில் எத்தனை பெரிய மரங்கள் சாலையில் விழுந்தன என்பது ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிழடாகிப்போன தோப்பை அப்படியே விட்டால் அடுத்த காற்று நமக்காக முடிவெடுக்கும்.

இரண்டாவது வழி: வெட்டிப் புல்வெளியாக்கு

மனசுக்குப் பிடித்த வழி என்று சொன்னால் எனக்கு இதுதான். புல் இருந்த இடத்தில் புல் வரட்டும் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. தென்னாப்பிரிக்கா இதை நாட்டுத் திட்டமாகவே செய்தது. 1995-இல் தொடங்கிய 'தண்ணீருக்காக உழைப்போம்' என்ற திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் கூலி கொடுத்து, நீர்ப்பிடிப்பு மலைகளில் பைன், வாட்டில் எல்லாவற்றையும் வெட்டச் செய்தார்கள். கேப்டவுன் தண்ணீருக்குத் தவித்த 2018-இல் போட்ட கணக்கு இன்னும் தெளிவானது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் மலைகளில் அந்நிய மரங்களை அகற்றினால் சில வருடங்களுக்குள் ஆண்டுக்கு சுமார் 5,500 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும், புது அணை கட்டுவதைவிட மலிவாக என்று வந்தது.

பைனை வெட்டுவதில் ஒரு பெரிய வசதியும் உண்டு. வாட்டிலை வெட்டினால் அடியிலிருந்தும் வேரிலிருந்தும் தளிர்க்கும். யூகலிப்டஸ் சொல்லவே வேண்டாம், ஒன்றை வெட்டினால் நாலு கிளம்பும். பாட்டுலா பைன் அடிமரத்திலிருந்து தளிர்ப்பதில்லை. தரையோடு வெட்டினால் அந்த மரத்தின் கதை முடிந்தது.

மரத்தின் கதை முடியும். நிலத்தின் கதை முடியாது. முன்பு சொன்ன மூடிய காய்கள் இங்கேதான் வருகின்றன. வெட்டிய மரத்தின் கிளைகளை அங்கேயே போட்டு வெயிலில் காயவிட்டால், அல்லது எரித்தால், வருடக்கணக்கில் சேர்த்து வைத்த விதையெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் கோரை மாதிரி பைன் நாற்று நெருக்கமாக எழும். இன்னொரு எதிரி மண்ணுக்குள்ளேயே படுத்திருக்கிறது. வாட்டில் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பைன் நிழல் விலகி வெளிச்சம் பட்டதும் அது விழித்துக்கொள்ளும். பைனை ஒழித்தோம் என்று கைதட்டிவிட்டுப் போனால், நாலு வருடம் கழித்து வந்து பார்க்கும்போது ஆளுயர வாட்டில் புதர் நம்மை வரவேற்கும். பைன் தோப்பிலாவது உள்ளே நடக்கலாம். இளம் வாட்டில் புதருக்குள் நாய்கூட நுழையாது.

புல்லும் தானாக ஓடி வருவதில்லை. முப்பது நாற்பது வருடம் சருகுக்குக் கீழே கிடந்த மண்ணில் புல் விதை மிச்சமிருக்காது. பக்கத்தில் நல்ல புல்வெளி இருந்தால் மெல்ல நகர்ந்து வரும், இல்லாவிட்டால் ஆள் வைத்துப் புல் தூரைப் பெயர்த்து நட வேண்டும். செங்குத்துச் சரிவில் ஒரே மூச்சில் மொட்டையடித்தால் நவம்பர் அடைமழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். ஆக இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறவர் வெட்டுக்கூலியை மட்டும் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவார். வெட்டிய பிறகு குறைந்தது பத்து வருடம், வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பிப் போய்ப் பிடுங்குவதற்கு ஆளும் பணமும் வேண்டும். அது இல்லாமல் ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்பேன்.

மூன்றாவது வழி: பைனின் மடியில் சோலை

இந்த யோசனைக்கு உலகத்துக்கே உதாரணமாகச் சொல்லப்படுவது இலங்கைச் சிங்கராஜ வனத்தின் விளிம்பு. மலையகத்துத் தமிழர்கள் பைனஸ் என்று சொல்லும் மரம் பெரும்பாலும் கரீபியப் பைன். கைவிட்ட தேயிலை நிலம், பதனைப் புல்வெளி, கெகில்லப் பெரணி மண்டிய தரிசு என்று பல இடங்களில் 1970-களின் கடைசியிலிருந்து பெரிய அளவில் நட்டார்கள். ஊற்று வற்றுகிறது, தீப்பிடிக்கிறது, அடியில் ஒன்றும் முளைப்பதில்லை என்று அங்கேயும் இதே குறைகள்தான்.

சிங்கராஜத்தில் காட்டு ஆய்வாளர்களான நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியும் மார்க் ஆஷ்டனும் 1990-களில் ஒரு காரியம் செய்தார்கள். பைன் தோப்பில் சில வரிசைகளை மட்டும் வெட்டி வெளிச்சம் விட்டு, அங்கே மழைக்காட்டின் சொந்த மரங்களை நட்டார்கள். நாகமரம், எண்ணெய் தரும் டிப்டெரோகார்பஸ், மூன்று வகை ஷோரியா. ஒன்றும் வெட்டாத இடத்தில் கன்றுகள் உயிரோடு இருந்தும் எழவில்லை. மூன்று வரிசை வெட்டிய இடத்தில்தான் நன்றாக எழுந்தன. பைன் அடியில் எதுவும் முளைக்காது என்ற பேச்சு அந்த ஆய்வுக்குப் பிறகு நிற்கவில்லை. சரியான அளவு வெளிச்சம் விட்டால் பைன் செவிலித்தாயாகிறது.

மேல்மலையிலும் இதற்கு அடையாளம் இருக்கிறது. பழைய, இடைவெளி விழுந்த தோப்புகளில், அதுவும் சோலையை ஒட்டிய பள்ளங்களில், காட்டு நாவல் வகைகளும் செண்பகமும் தானாக முளைத்து நிற்பதைப் பார்க்கலாம். நீலகிரிக் காட்டுப்புறாவும் கொண்டைக்குருவிகளும் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுவந்து போடுகின்றன. டிசம்பர் ஜனவரி உறைபனியில் திறந்த புல்வெளியில் சோலைக் கன்று கருகிவிடும். பைனின் கூரை அந்தப் பனியைத் தடுக்கிறது. வட்டக்கானலில் பல வருடங்கள் சோலை நாற்றுகளை வளர்த்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இணையரின் உழைப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த வழி வெறும் கனவில்லை என்று தெரியும். செலவும் குறைவு, மண்ணும் அசையாது, கண்ணுக்கும் காடு காடாகவே இருக்கும். மரம் வெட்ட மனசு வராதவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

பிறகு ஏன் இதையே எல்லா இடத்திலும் செய்யக் கூடாது? சிங்கராஜத்தில் பைனுக்கு முன்னால் இருந்தது அழிந்த மழைக்காடு. காட்டின் இடத்தில் காட்டைத் திருப்பி வைத்தார்கள். மேல்மலையில் பல தோப்புகளுக்குக் கீழே இருந்தது புல்வெளி. அங்கே சோலையை வளர்த்தால் மெக்சிகோ மரத்துக்குப் பதில் நம் மரம் நிற்கும், அவ்வளவுதான். புல்வெளி இரண்டாம் முறையும் தோற்கும். வரையாட்டுக்கு மரத்தின் பிறப்பிடம் எதுவானாலும் ஒன்றுதான். அதற்குத் தேவை புல்லும் பாறையும்.

நான் எடுக்கும் முடிவு

ஒவ்வொரு தோப்புக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதுதான். 1973 செயற்கைக்கோள் படம் இருக்கிறது, பழைய நில அளவை வரைபடங்கள் இருக்கின்றன, ஊரில் எழுபது வயது தாண்டியவர்கள் இருக்கிறார்கள். மன்னவனூர்ப் பக்கம் பூண்டு வயலில் நின்ற ஒரு பெரியவரிடம் எதிரே தெரிந்த தோப்பைக் காட்டி, "ஐயா, அது எப்பவும் காடுதானா?" என்று கேட்டேன். "காடா? நாங்க மாடு மேய்ச்ச புல்லுப்பா அது. அந்த மேட்டுல ஒரு மரம் கிடையாது" என்றார். அப்படிப்பட்ட ஒரு வாக்கியத்தை ஊர் ஊராகக் கேட்டு வரைபடத்தில் குறித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஓடைக்கரை, பள்ளம், சோலையை ஒட்டிய பழைய தோப்பு என்றால் மூன்றாவது வழிதான். முற்றிய பைன் சிலவற்றின் பட்டையை வளையமாகச் சீவி நின்றபடியே சாகவிட்டால் வெளிச்சமும் இறங்கும், மண்ணும் அதிராது. பாதை ஓரத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, பட்ட மரம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. சுற்றுலாப் பயணிகள் வரும் பைன் காட்டை அப்படியே விட்டுவிடலாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஊரின் பிழைப்பு அதில் இருக்கிறது, சுற்றிலும் கட்டடமும் சாலையும் வந்துவிட்ட இடம், அங்கே புல்வெளியை மீட்டு ஆகப்போவது குறைவு. அதன் வாசலில் இது எங்கிருந்து வந்த மரம், முன்பு இங்கே என்ன இருந்தது என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் நல்லது.

மேட்டுப் புல்வெளி மேல் நட்ட தோப்புகளில் இரண்டாவது வழிதான் சரி. ஆனால் அது முதல் வேலை இல்லை. என் கையில் ஒரு வருடத்துப் பணம்தான் இருக்கிறது என்றால், ஒரு பெரிய மரத்தையும் தொட மாட்டேன். மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்துக்குப் போய், தோப்பைத் தாண்டி வந்த கன்றுகளைப் பிடுங்குவேன். நியூசிலாந்துக்காரர்கள் பெரும் பணத்தைக் கொட்டிய பிறகு தெரிந்துகொண்டது அது. காய் பிடிக்காத கன்றை எடுக்க ஒரு ஆளும் அரை நிமிடமும் போதும். அதையே பத்து வருடம் விட்டால் ரம்பமும் ஆள்கூட்டமும் வேண்டும், அதற்குள் அது தன் பிள்ளைகளைத் தூரத்தில் நட்டுவிட்டிருக்கும். ஓரம் சுத்தமான பிறகு, காற்று வீசும் திசையில் முன்வரிசையில் நிற்கும் காய்பிடித்த மரங்கள். அதன் பிறகுதான் தோப்பு, அதுவும் ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் என்று, பத்து வருடம் பின்தொடர ஆள் உறுதியான அளவுக்கு மட்டும்.

தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியக் களைத்தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. வாட்டிலுக்கும் உண்ணிச்செடிக்கும் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு இந்தப் பைன் கன்றுகளுக்கும் கிடைக்க வேண்டும். சரணாலயத்துக்குள் நாமாகப் போய் எதையும் பிடுங்க முடியாது, வனத்துறை அனுமதியும் உடன் ஒரு ஆளும் வேண்டும். கேட்டால் கிடைக்கிறது. பிழைப்புக்கு விறகு தேடிக் காட்டுக்குள் போகிற மேல்மலைப் பெண்களுக்கே இந்த வேலையைக் கூலியோடு கொடுத்தால், கன்றையும் புல்லையும் தூரத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

நேரமும் முக்கியம். அக்டோபர் நவம்பர் மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும் டிசம்பர்தான் சரியான மாதம். பிப்ரவரிக்குள் முடித்துவிட வேண்டும், மண் இறுகினால் தண்டு கையோடு வந்து வேர் உள்ளேயே நிற்கும். தரையை ஒட்டி இரண்டு கையாலும் பிடித்து, முதலில் ஒரு பக்கம் சாய்த்து, பிறகு நேரே இழுக்க வேண்டும். மண்ணோடு வேர் முழுதாக வரும், வேர்நுனியில் அந்த வெள்ளை இழை ஒட்டியிருக்கும், கையெல்லாம் பிசின் வாசனை. போன டிசம்பரில் அனுமதியோடு ஐந்து பேர் போனோம். வெயில் ஏறுவதற்குள் ஒரு சரிவு முடிந்தது. பிடுங்கிய கன்றுகளை வேர் மேலே பார்க்கப் பாறைமேல் பரப்பி வைத்துவிட்டு, அடுத்த வருடம் திரும்பி வருவதற்காக அந்தச் சரிவின் எல்லையை போனில் குறித்துக்கொண்டோம்.